மூச்சைப் பிடி

எங்கள் எக்ஸ்ரே படங்கள் அத்தனையையும் கம்பெனி தொலைத்துவிட்டது.

தொலைத்ததாம். சுரங்கத்தில் இறங்கிய இருநூறு பேருடைய நெஞ்சு. கடல் தாண்டி வந்து சுரங்கத்தைத் துடைத்துக் கல்லையெல்லாம் கப்பலேற்றினார்களே, அதில் ஒரு சில்லு தொலைந்ததா? இது மட்டும் தொலைந்ததாம்.

விசாரணை அதிகாரி கையை விரித்தார்.

"சேரும்போது நெஞ்சு நல்லா இருந்துச்சு, தூசியிலதான் கெட்டுச்சுன்னு காட்டப் படம் வேணும் பெரியவரே. படம் இல்லாம, வைத்தியம் பாருன்னு கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது."

எல்லாம் சிகரெட் செய்த வேலை என்றார் கம்பெனி வக்கீல். என் மச்சான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுந்தான். இரண்டு வார்த்தையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு எரிந்தது. வருஷா வருஷம் சட்டையைக் கழற்றி, அந்தச் சில்லிட்ட தகட்டில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு எதற்கு நின்றோம்? அதுவும் ஒரு தடவையோடு விடுவானா அந்த எக்ஸ்ரேக்காரன்? "மூச்சைப் பிடி" என்பான். பிடிப்போம். உள்ளே போய்விட்டு வருவான்.

"ஆடிடுச்சு. இன்னொண்ணு எடுக்கணும்."

சுவர் மாதிரி நின்றாலும் ஆடிவிடும். ஒருத்தன் பாக்கியில்லாமல் ஆடிவிடும். ஷிப்ட் முடிந்து பசியோடு நிற்கிறவன் அவனை வாழ்த்தவா செய்வான்? 'ஆடிடுச்சு' என்றே பெயர் வைத்தோம். "ஏம்ப்பா, ஆடுறது நாங்களா, உன் கையா?" என்று மச்சான் மூஞ்சிக்கு நேரே கேட்டான். அதற்கும் "மூச்சைப் பிடி" என்றுதான் சொன்னான்.

நான் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்ரேக்காரனுக்கு வேலை தெரியவில்லை, பிலிமை வீணடிக்கிறான் என்று. எங்கள் மனு எதையும் படிக்காத கம்பெனி அதை மட்டும் படித்தது. ஒரே வாரத்தில் ஆளை வீட்டுக்கு அனுப்பியது.

அதிகாரி கோப்பைக் கட்டப் போனார். அப்போது வாசலில் ஒரு தகரப் பெட்டி தரையில் உரசும் சத்தம். இழுத்துக்கொண்டு வந்த எக்ஸ்ரேக்காரனை யாரும் கூப்பிடவில்லை. அவனே திறந்தான். உள்ளே உறை உறையாக. ஒவ்வொன்றின்மேலும் ஆள் பெயர், தேதி.

மச்சானின் உறையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் அதிகாரி. முதல் வருஷம், துடைத்துவிட்ட மாதிரி நெஞ்சு. ஏழாம் வருஷம், உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

இரண்டும் துளிகூட ஆடவில்லை.

வக்கீல் தண்ணீர் கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு எடுத்தேன். ஒண்ணு கம்பெனிக்கு. ஒண்ணு இவங்களுக்கு" என்றான் அவன். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

கட்டிய கோப்பை அவிழ்த்து, அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இவர்தான் எடுத்தாருன்னு தொழிலாளி ஒருத்தர் சாட்சி சொல்லணும். பெரியவரே, நீங்க சொல்லுங்க. இவர் பேர் என்ன?"

ஏழு வருஷம் அவன் முன்னால் சட்டையில்லாமல் நின்றிருக்கிறேன். அந்த மனுவில்கூட அவன் பெயரை எழுதவில்லை.

"ஆடிடுச்சு" என்றேன்.