நீலப் புள்ளி

"ரேகா, கண்ணு, இன்னும் ஒரு மணி நேரந்தான் கீது! பன்னெண்டுக்குள்ள போட்டோ கைக்கு வரலைன்னா எம் புள்ளைக்கு ஜாமீன் கெடைக்காதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க!"

காசிமேட்டில் மீன் விற்கும் அங்கம்மா, கூடையை எங்கே போட்டாளோ, வெறுங்கையோடு ஓடி வந்து கல்மண்டபத்து போட்டோ ஸ்டுடியோ வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

ரேகா கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாள். "யக்கா, மொதல்ல உக்காரு. இன்னா போட்டோ?"

"போன ஞாயித்துக்கெழம ஜெயவேல் பொண்ணு ரிசப்ஷனுக்கு நீங்கதானே படம் எடுத்தீங்க? எம் புள்ள தீபன் அங்கதான் இருந்தான். அன்னிக்கு எட்டு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தாண்ட செங்குட்டுவன் மண்டைய எவனோ உருட்டுக் கம்பியால பொளந்துட்டான். முன்னாடி எப்பவோ சண்ட போட்டவன்னு தீபன போலீஸு இட்டுகினு பூட்டாங்க. கல்யாண மண்டபத்துல இருந்தான்னு சொன்னா, பத்து நிமிசத்துல போய் அடிச்சிட்டு வந்திருப்பான்றாங்க!"

"நல்லா கீதே நாயம்! அந்த செங்குட்டுவனுக்கு ஏரியா பூரா விரோதி. கடையக் காலி பண்ணுன்னு நம்ம ஷட்டரையே ரெண்டு தபா ஒடச்சவன். தீபன் ஒருத்தன்தான் கண்ணுல பட்டானா?"

உள்ளே லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் திலீப் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அந்தப் படமெல்லாம் இல்லக்கா. ஹார்ட் டிஸ்க் பூட்ச்சு. அந்த ரிசப்ஷனே ராசியில்ல. என் இரும்பு லைட் ஸ்டாண்டு ஒண்ணு வேற அங்கயே தொலஞ்சு பூட்ச்சு."

அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், அக்காவ அழ வெக்காத. நான் திங்கக்கெழமயே எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சிட்டேன்" என்றாள் ரேகா.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்னாண்ட சொல்லவே இல்ல?"

"உன் லட்சணம் தெரிஞ்சுதான்!"

திலீப்பின் லட்சணம் அப்படி. பத்து வருஷத்துப் படங்களை 'புது ஃபோல்டர்', 'புது ஃபோல்டர் 2', 'ஃபைனல்', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று குப்பை மாதிரி கொட்டி வைத்திருந்தான். கல்யாணமாகி வந்த ரேகாதான் ஒரு வருஷமாக உட்கார்ந்து தேதிவாரியாக, முகவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பதாயிரம் படம் முடிந்துவிட்டது. திலீப்பின் கேமராவில் எடுத்ததற்கு ஓரத்தில் நீலப் புள்ளி. கூட வேலை செய்யும் சௌக்கத் அலியின் கேமரா என்றால் மஞ்சள் புள்ளி; காப்பி எடுக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக வைத்துவிடும். படங்கள் முன்னே பின்னே ஆகிவிடக் கூடாதென்று, இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் அவளே ஒன்றாக வைத்துத்தான் ஒவ்வொரு விசேஷத்துக்கும் அனுப்புவாள். மேடை திலீப்புக்கு, பந்தி சௌக்கத் அலிக்கு. மேடையை இன்னொருத்தனுக்கு விட்டுக்கொடுக்கிற ஜென்மமில்லை திலீப்.

ஜெயவேல் வீட்டு ரிசப்ஷனை மட்டும் அவள் இன்னும் திறக்கவில்லை. ஆயிரத்து எண்ணூறு படம்.

திலீப் பக்கத்தில் வந்து குனிந்தான். "ஏ ரேகா, போலீஸ் கேஸுடி. சாட்சி சொல்லுன்னு நாளைக்கு என்னையும் இஸ்துகினு போவாங்க. பேஜாரு. கெடைக்கலன்னு சொல்லி அனுப்பு."

"ஒரு புள்ளையோட வாழ்க்கைய்யா! இவ்ளோ பயந்தாங்கொள்ளியா நீ?"

பழைய காதுகுத்துப் படமொன்றில் தீபனின் முகத்தைக் காட்டி, இதைத் தேடு என்று கம்ப்யூட்டரை ஏவினாள். அது சுற்ற ஆரம்பித்தது. பதினொன்றே கால் ஆயிற்று. இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள்.

"யு.பி.எஸ். சூடாவுது, அணைச்சுட்டு அப்பறம் பாக்கலாம்" என்று திலீப் சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

ரேகா அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். "கைய எட்றா! யக்கா, வந்துடுச்சு, பாரு!"

திரை நிறைய தீபன். ஏழு நாற்பத்தெட்டுக்கு மேடையில், மாப்பிள்ளை தோளில் கை போட்டபடி. ஏழு ஐம்பத்தாறுக்குப் பந்தியில் பிரியாணியோடு. எட்டு மூன்றுக்கு ஆட்டம். எட்டு பதினொன்றுக்கு மறுபடி மேடை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே மணி பளிச்சென்று இருந்தது. இதற்கு நடுவில் பத்து நிமிஷம் எங்கே இருக்கிறது, துறைமுகத்துக்குப் போய் வர?

மணியோடு சேர்த்துப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தாள். அங்கம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "எம் புள்ளைய மீட்டுக் குட்த்துட்டடி கண்ணு! நீயும் உம் புருஷனும் நல்லா இருக்கணும்!" என்று ஆட்டோவைப் பார்த்து ஓடினாள். மணி பதினொன்று நாற்பது.

அப்பாடா என்றிருந்தது ரேகாவுக்கு. தீபனின் அந்த மேடைப் படத்தை ஆசையோடு இன்னொரு தடவை பார்த்தாள். ஓரத்தில் மஞ்சள் புள்ளி.

மேடைப் படத்துக்கா மஞ்சள்? அடுத்த படத்துக்குப் போனாள். மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள். நீலத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னாள். ஏழு முப்பத்தெட்டுக்கு ஒரு படம். அதற்கு அடுத்த படம் எட்டு ஐம்பத்தேழுக்கு.

பின்னால் கடை ஷட்டர் பாதி இறங்கும் சத்தம் கேட்டது. "இன்னும் இன்னாடி பாத்துகினு கீற?"

ரேகா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரும்பாமலே கேட்டாள்: "யோவ்... மேடைய சௌக்கத்தாண்ட வுட்டுட்டு, அந்த லைட் ஸ்டாண்டையும் எடுத்துகினு, நீ எங்கய்யா போன?"