அடுத்த ஊர் எது?

தெஹ்ரான் பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் பெஹ்ராங்கும் ஸனமும் மல்லுக்கு நின்றார்கள். நாடு திரும்ப முடியாமல் பத்தொன்பது வருடமாக வெளியே வாசிக்கும் ராக் குழு அடுத்து எந்த ஊருக்கு வரும்?

“இஸ்தான்புல்தான்!” என்றாள் ஸனம்.

“துபாய்டி, எழுதி வெச்சுக்கோ!”

“பக்கத்து ஆர்மீனியாவுல, யெரெவான்,” என்றார் முன்னால் நின்ற எழுபது வயது தூபா.

“அம்மா, இது ராக் கச்சேரி. உங்க காது தாங்காது,” என்று சிரித்தான் பெஹ்ராங்.

“எல்லாம் தாங்கும். இன்னைக்குப் பாஸ்போர்ட் வாங்காம நகர மாட்டேன்.”

“யெரெவான்னு யாரும்மா சொன்னாங்க?”

“நான்தான் சொன்னேன். டாக்டர் என்னை விமானம் ஏறக் கூடாதுன்னுட்டார். ‘ஒரே நாள்ல பஸ்ல வந்து சேர்ற ஊராப் பார்த்து வாசிடா’ன்னு கறாராச் சொல்லிட்டேன். டிரம் அடிக்கிறவன் என் பையன்.”