குலுக்கல் சபை

தேர்தலை ஒழித்துவிட்டு, குலுக்கல் போட்டுச் சாதாரண ஜனங்களையே ஒரு வருடம் சட்டசபைக்கு அனுப்புவது என்று முடிவானது. முதல் குலுக்கலிலேயே தையல்காரருக்கு அடித்தது யோகம். அவர் வேலை பார்க்கும் துணிக் கம்பெனியின் முதலாளியே அவரைக் காரில் ஏற்றி வழியனுப்பிவைத்தார்.

சாயங்காலம் திரும்பியவரை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அதே கம்பெனியில்தான் அவளும் தைக்கிறாள்.

“சபையில யாரெல்லாம் இருந்தாங்க?”

“எல்லாம் நம்மள மாதிரிதான். பஸ் ஓட்டுறவர், ஆஸ்பத்திரி ஆயா, ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறவர்.”

“அப்போ நம்ம சட்டம் ஜெயிச்சிருக்கும்.”

தீப்பிடித்தால் தப்பிக்க வழி வேண்டும், அதனால் ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போது கதவை வெளியிலிருந்து பூட்டக் கூடாது என்கிற சட்டம் அது.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “தோத்துப்போச்சு.”

“என்னங்க சொல்றீங்க?”

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னாங்க. எல்லாரும் ஒருதடவை மேல பார்த்தோம். பார்வையாளர் மாடத்துல நம்ம முதலாளி உக்காந்திருந்தாரு.”

“அவர் ஒருத்தருக்கா அத்தனை பேரும் பயந்தீங்க?”

“அவங்கவங்க முதலாளியும் வந்திருந்தாங்க. வருஷம் முடிஞ்சா அவங்ககிட்டதானே வேலைக்குத் திரும்பணும்?”

“நீங்களாவது தூக்கினீங்களா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாளைக்கு ஜன்னலோரமா இருக்கிற மெஷினைக் கேட்டு வாங்கிக்கோ” என்றார்.