பச்சை காட்டிய அண்ணன்

தானாகவே சோதனை நடத்தும் பெரிய மென்பொருள் ஒன்றில் பொருத்துவதற்காக, தேன்மொழி பைத்தான் கணினிமொழியில் புதிதாக ஒரு பிளகின், அதாவது ஒரு துணைநிரல், எழுதினாள். அதே ஃபோல்டரில், பிளகினைச் சரிபார்க்க ஒரு டெஸ்டையும் எழுதி வைத்தாள். சரியென்றால் அது பச்சை காட்டும், தப்பென்றால் சிவப்பு.

நாளை பெரிய இடத்துக்குப் போகவேண்டும். பிளகின் பக்கத்திலிருந்த டெஸ்டைக் கேட்டது:

"அண்ணே, நான் சரியா இருக்கேனா?"

"உனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கே." டெஸ்ட் பச்சை காட்டியது. எப்போது கேட்டாலும் பச்சைதான்.

மத்தியானம் தேன்மொழி, டெஸ்ட் கண்டுபிடிக்கிறதா பார்ப்போம் என்று, பிளகினில் ஒரு வரியை வேண்டுமென்றே அழித்தாள்.

"அண்ணே, எனக்குள்ளே என்னமோ காணலை. கொஞ்சம் பாருங்களேன்."

டெஸ்டுக்கும் அது தெரிந்தது. ஆனால் நாளைக்குக் கிளம்புகிற பிள்ளை. இப்போது போய் அதன் மனசைக் கலக்குவானேன்?

"வீண் பயம்டா உனக்கு," என்று பச்சை காட்டியது.

தேன்மொழி உதட்டைப் பிதுக்கினாள். அழித்த வரியை மறுபடி சேர்த்தாள். டெஸ்டை அழித்துவிட்டாள்.

பிளகின் பழையபடி முழுசாகிவிட்டது. ஆனாலும் பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது:

"அண்ணே, அப்போ முன்னாடி காட்டின பச்சையெல்லாம்?"