கைக்குட்டை இல்லாமல் வந்தவர்

வீட்டுக்காரர் படியேறி வந்தார். மூக்கில் கைக்குட்டை இல்லை.

அவளுக்கு அப்போதே ஏதோ உறைத்தது.

இத்தனை வருடமாக வாசலில் நின்றபடியே வாடகை வாங்கிப் போகிறவர். பேசும்போதுகூடக் கைக்குட்டையை இறக்க மாட்டார். இன்று உள்ளேயே வந்துவிட்டார். ஜன்னலருகே நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

வெளியே குப்பைமலை இல்லை. இயந்திரங்கள் சலித்துச் சலித்துப் போட, லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. இப்போது வெறும் மண். சுற்றிலும் வேலி. பூங்கா வரப்போகிறது என்று ஒரு பலகை.

அதற்காகப் பேசியவள் அவள்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில், பிறந்ததிலிருந்து முதல்முறையாக மைக்கைப் பிடித்து.

"அந்தக் குப்பைய எடுத்துடுங்க சார். நாத்தத்துக்குப் பயந்து எம்பொண்ணே வீட்டுக்கு வர மாட்டேங்குறா."

கூட்டம் சிரித்தது.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

மகள் கோகிலா கல்யாணமாகிப் போனபின் ஒரு ராத்திரிகூட வந்து தங்கியதில்லை. பிள்ளைக்கு வீசிங். நாற்றம் போகட்டும், வருகிறேன் என்பாள்.

போய்விட்டது.

மே மாத லீவுக்கு வருவதாகப் போனில் சொல்லியிருந்தாள். மூலையில் புதுப் பாய் ஒன்று, சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது.

வீட்டுக்காரர் பாயைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏரியா முன்ன மாதிரி இல்லம்மா. டபுள் வாடகைக்கு ஆளு வந்து நிக்குது. ஏப்ரலோட காலி பண்ணிக்க."

அவள் தலையாட்டினாள். மைக்கைப் பிடித்த தைரியம் ஒருமுறைக்குத்தான் இருந்தது போலும்.

ஞாயிற்றுக்கிழமை தரகரோடு அலைந்தாள். பார்த்த வீட்டிலெல்லாம் நல்ல காற்று. வாடகையைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடைசி வீடு, தோல் பதனிடும் பட்டறைகளைத் தாண்டி. தெருமுனை திரும்பியதும் தரகர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

அவள் வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை.

உள்ளே போனாள். ஒற்றை அறை. சுவரோரமாக நின்று, கையை நீட்டி அளந்து பார்த்தாள்.

இரண்டு பாய் விரிக்கத் தாராளமாக இடம் இருந்தது.