எட்டாவது பெயில்

"எட்டாவது பெயில்னு சொல்றே. கையில ஒரு காய்ப்புகூட இல்லையே, தம்பி?"

பட்டறை முதலாளி பாட்சா பாய் இப்படிக் கேட்டதும் ஜெபசீலன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். தாம்பரம் சானடோரியத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தப் பட்டறையில் அவன் கேட்டு வந்தது எடுபிடி வேலை. குட்டு வாசலிலேயே உடைந்துவிடும் போலிருந்தது.

"வூட்ல செல்லமா வளர்ந்துட்டேன் மொதலாளி. ஒரு வாரம் சுத்தியல் புடிச்சா காச்சிப் பூடும்."

இந்தப் பாஷையை மூன்று நாளாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் தயாளன். பள்ளித் தோழன், அதே பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஜெபசீலன் அசல் பி.இ., அதுவும் முதல் வகுப்பு. ஆனால் இந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில் பி.இ.க்காரனை யார் சீந்துகிறார்கள்? ஆறு பட்டறைகளில் படிப்பைச் சொல்லிப் பார்த்தான். "நல்ல வேலை கிடைச்சதும் ஓடிடுவீங்க சார்" என்று ஆறு பேரும் மரியாதையாகக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

"கணக்குப் பாரு மச்சான்" என்று அப்போதுதான் தயாளன் யோசனை சொன்னான். "நான் பத்தாவதோட லேத்துல வந்து நின்னேன். ஓவர்டைம் சேர்த்து மாசம் முந்நூறு வருது. நீ அஞ்சு வருஷம் சர்க்கார்ல கடன் வாங்கிப் படிச்சே. உனக்கு மாசம் அம்பது போவப்போவுது. பேசாம எட்டாவது பெயிலாயிடு."

அந்த ஐம்பதுக்குத்தான் அவனிடம் வழியில்லை. கடனுக்கு ஜாமீன் போட்டவர் அப்பா லாசரஸ், செங்கல்பட்டில் குமாஸ்தா. அடுத்த மாதத்திலிருந்து அவருடைய இருநூற்றுப் பத்து ரூபாய்ச் சம்பளத்தில் பிடித்தம் என்று கடிதம் வந்துவிட்டது. அன்றைக்கே அம்மா பால்காரனை நிறுத்திவிட்டாள். பிள்ளை எஞ்சினியரான புண்ணியத்தில் வீடே வரக்காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது.

பாட்சா பாய் மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். "இது என்னன்னு தெரியுதா பாரு."

ஜெபசீலன் பார்த்தான். நாலங்குல அகலத் தகட்டில் ஐந்தங்குலத் துளை போடச் சொல்லியிருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பினான்.

"கோலமா மொதலாளி?"

பாயின் முகம் தொங்கிப்போனது. மனிதர் லேசில் விடுவதாகவும் இல்லை. இழுப்பறையிலிருந்து எஞ்சினியர்கள் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை எடுத்து நீட்டினார். "இதையாவது பார்த்திருக்கியா?"

"ஓ! முதுகு சொறியறதுதானே?" ஜெபசீலன் சொறிந்தும் காட்டினான். லேத்துக்குப் பின்னால் தயாளன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான்.

பாய் எழுந்து, மற்றவர் காதில் விழாதபடி அறைக் கதவைச் சாத்தினார். "உட்காரு. மனசுல பட்டதைச் சொல்லு. ஒரு எஞ்சினியருக்கு மாசம் எவ்வளவு கொடுக்கலாம்?"

இதுதான் கண்ணி என்று ஜெபசீலனுக்குப் புரிந்தது. கொஞ்சம் பிசகினாலும் வேலை போய்விடும்.

"எஞ்சினியருக்கா? நூறே ஜாஸ்தி மொதலாளி. படம் போட்டுக்கினு குந்தியிருப்பான். சுத்தியலை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியாது."

"கடன்கிடன் வாங்கிப் படிச்சிருப்பாங்களோ?"

"அல்லாரும் கடங்காரனுங்க! ஒருத்தனைச் சேர்த்துப் பாருங்க. வட்டி வசூலிக்கிற ஈட்டிக்காரன் கணக்கா சர்க்கார் உங்க வாசல்ல வந்து நிக்கும். ஒரே பேஜார்."

"அப்போ அந்தப் படிப்பே நஷ்டம்கிறே?"

"சுத்த நஷ்டம் மொதலாளி!"

இதை மட்டும் அவன் நடிக்கவில்லை. வயிற்றெரிச்சல் அப்படியே வாய்வழியாக வந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

பாய் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, நாளையிலேருந்து வா. தினம் மூணு ரூபா."

ஜெபசீலன் மனதுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னான். இருபத்தாறு நாளைக்கு எழுபத்தெட்டு. ஐம்பது போனால் இருபத்தெட்டு மிச்சம். நாளைக்கே பால்காரனை வரச் சொல்லிவிடலாம்.

பாட்சா பாய் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நாலாகக் கிழித்தார். "நல்லவேளை, உன்கிட்ட கேட்டேன் தம்பி. பெரிய கம்பெனி ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. படம் பார்த்து வேலை வாங்க எஞ்சினியர் வேணும்னாங்க. பசங்களுக்குத் தெரிஞ்சா முறைச்சுக்குவாங்கன்னு வெளியில மூச்சு விடல. உன் கையைப் பார்த்ததும், அல்லாவே அனுப்பிட்டான்னு ஒரு நப்பாசை எனக்கு."

கிழித்த துண்டுகளை அவன் கையில் திணித்தார்.

"சம்பளம் ஐந்நூறு, படிப்புக் கடனை நாங்களே கட்டிடறோம்னு பேப்பருக்கு விளம்பரம் எழுதி வச்சிருந்தேன், நீதான் என் கண்ணைத் திறந்தே, கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வா."