எதிரணியில் கிருஷ்ணம்மா

“அம்மா, நீங்க செய்யறது உங்களுக்கே நல்லா இருக்கா?”

செல்வா கைப்பேசியைத் தாயின் முன்னால் நீட்டினான். குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பு அதில் இருந்தது. பட்டிமன்றத் தலைப்பு: ‘ஆசியான் நாடுகள் எல்லைகளைத் திறந்து ஒரே ஒன்றியமாக வேண்டுமா, வேண்டாமா?’

‘வேண்டும்’ என்று பேசுபவர் தங்கராஜு. ‘வேண்டாம்’ என்று பேசுபவர் கிருஷ்ணம்மா.

“தலைப்ப நானா வச்சேன்? சங்கத்துச் செயலாளர் ரூபேந்திரன் வச்சாரு.”

“அவருகிட்ட விசாரிச்சேன். ‘வேணும்’ங்கிற பக்கத்தத்தான் உங்களுக்குக் கொடுத்தாராம். நீங்கதான் அடம்பிடிச்சு மாத்திக்கிட்டீங்களாம்.”

“ஆமா.”

“வீட்டுல வியட்நாம் மருமகள வச்சுக்கிட்டு, எல்லைய மூடுன்னு மேடையில பேசப்போறீங்க. லானுக்கு எப்படி இருக்கும்?”

கிருஷ்ணம்மா காங்கோங் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து லான் எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து இதுவரை ஒரு தீபாவளிதான் கண்டிருக்கிறாள். “பரவாயில்ல லா. அம்மா பேசட்டும்,” என்று சிரித்தாள். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

“பாத்தீங்களா? அவ மனசு நோகற மாதிரி ஒரு வார்த்த வந்துச்சு, நாங்க ஸ்கூடாய்ல வீடு பாத்துட்டுப் போயிடுவோம். சத்தியமா சொல்றேன்.”

“விழாவுக்கு அவளக் கூட்டிட்டு வா. அப்புறம் எங்க வேணும்னாலும் போ.”

மலேசியாவின் பாசிர் கூடாங் வட்டாரத்தில் கிருஷ்ணம்மாவைப் பட்டிமன்றத்தில் வென்றவர் கிடையாது. துறைமுகத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். விஷயமும் இருந்தது, வாயும் இருந்தது. செல்வாவின் பயமே அதுதான்.

விழாவன்று லானுக்குத் தானே சேலை கட்டிவிட்டு, மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தாள் கிருஷ்ணம்மா.

“மருமகள எதிர்ல உக்கார வச்சுட்டே வெட்டப் போறாங்க,” என்று பின்வரிசையில் அண்டைவீட்டுப் பிரேமலா முணுமுணுத்தாள். “என்ன நெஞ்சோ!”

கிருஷ்ணம்மா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“தாய்லாந்து அரிசி தடையில்லாம உள்ள வந்தா, நம்ம கெடாவுல நெல்லு நடுறவங்க கதி என்ன? இப்பவே ஒரு முடிவுக்குப் பதினோரு நாடும் தலையாட்டணும். ஒன்றியம்னு ஆயிட்டா, நம்ம வரிய நாம தீர்மானிக்க முடியுமா?”

அரிசியில் தொடங்கி சிமெண்டுக்குப் போனாள். அங்கிருந்து பாமாயில், கொள்கலன், சுங்கவரி. கொடுத்த நேரம் முழுக்க அதையேதான் பேசினாள். ஒரு கிண்டல் இல்லை, ஒரு கதை இல்லை. பிள்ளைகள் எழுந்து ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கினார்கள். ரூபேந்திரன் கொட்டாவியைக் கையால் மறைத்தார்.

‘அம்மாவுக்கு என்ன ஆச்சு?’ என்று செல்வா விழித்தான்.

அடுத்து தங்கராஜு துள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அக்கா மூட்டை முடிச்சப் பத்திப் பேசிட்டாங்க. நான் மனுஷங்களப் பத்திப் பேசறேன். லான், எந்திரிம்மா!”

லான் பயந்துபோய் எழுந்தாள்.

“இந்தப் பொண்ணப் பாருங்க. எங்கயோ பொறந்துச்சு. காலையில வாசல்ல பால் பொங்கினப்ப, நம்ம பிள்ளைங்க போனப் பாத்துக்கிட்டு நின்னாங்க. பொங்கலோ பொங்கல்னு மொதல்ல கத்தினது யாரு? இதுதான்! தலைவருங்க மாநாடு போட்டுப் பேசிக்கிட்டே இருக்கட்டும். நம்ம செல்வா எப்பவோ கையெழுத்துப் போட்டுட்டான்! இவ நம்ம வீட்டுப் பொண்ணு!”

மண்டபம் அதிர்ந்தது. பிரேமலாகூடக் கைதட்டினாள். லான் சிவந்துபோய் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

‘வேண்டும்’ என்றே தீர்ப்பு வந்தது.

சாப்பாட்டு வரிசையில் தங்கராஜு வந்து செல்வாவின் தோளில் தட்டினார். “உங்கம்மாவ ஜெயிச்சுட்டேன்டா! அலமாக், என்னாலயே நம்ப முடியல. இதுல கூத்து என்னன்னா, நான் மொதல்ல ‘வேண்டாம்’னு பேசறதுக்குத்தான் தயார் பண்ணிருந்தேன். ஜஹாங்கீர் டீக்கடையில பேசிக் காட்டினேன், கடையே உருண்டு சிரிச்சுச்சு. அக்காகூட அன்னிக்கு ரொட்டி வாங்க வந்து நின்னாங்க.”

“அப்படி என்ன பேசினீங்க அங்கிள்?”

“அது... வியட்நாம்லேருந்து வர்ற பொண்ணுங்க எதுக்கு...” லான் தட்டோடு பக்கத்தில் நிற்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். “சும்மா ஜோக்குடா. விடு.” பாயசம் தீர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

செல்வா தாயைத் தேடிப் போனான். அவள் ஓரமாக உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அதுக்காகவா பக்கம் மாறுனீங்க?”

கிருஷ்ணம்மா ஒரு துண்டு வடையை அவனிடம் நீட்டினாள்.

“அவர்கிட்ட நேரடியா சொல்லியிருக்கலாமே. ஏன் ஊரு முன்னாடி தோத்தீங்க?”

கொஞ்ச தூரத்தில் பிரேமலா லானின் சேலை முந்தானையைச் சரிசெய்து, ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மா அதையே பார்த்தபடி சொன்னாள்:

“சொல்லியிருந்தா மேடையில பேசமாட்டாரு, கடையில பேசிக்கிட்டுத்தான் இருப்பாரு. இப்ப ஊரே கேக்க, நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டாரு. இனிமே அந்த வாயால எப்படி மாத்திப் பேசுவாரு?”